இடுப்புக் கிண்ண எலும்பு முறிவு: பிளேட் அவசியமா?

கேள்வி (காரைக்குடி): பைக் விபத்தில் அண்ணனுக்கு இடுப்புக் கிண்ணத்தின் (தொடை எலும்பின் தலை பொருந்தும் குழி) பின்சுவர் உடைஞ்சு மூட்டும் நழுவியது. நழுவின மூட்டைத் திரும்பப் பொருத்திட்டாங்க. ஆபரேஷன் செஞ்சு பிளேட் (எலும்பில் திருகும் உலோகத் தகடு) வைக்கிறது கட்டாயமா?

பதில் 1: சி.டி. ஸ்கேன்ல மூட்டுப் பரப்பு 2 மி.மீ.க்கு மேல் விலகியிருந்தாலோ, மூட்டு நிலையா நிற்காட்டியோ பொதுவா பிளேட்தான். 2 வாரத்துக்குள் செய்வது நல்லது. தள்ளிப்போனா துண்டுகளைப் பொருத்துறது கஷ்டம்.

பதில் 2: 3.5 மி.மீ. திருகு போடும் பிளேட்டைக் கிண்ணச் சுவரின் வளைவைவிடக் கொஞ்சம் குறைவா வளைப்பாங்க. திருகு இறுகும்போது துண்டை அழுத்திப் பிடிக்கும். திருகு மூட்டுக்குள் நீட்டினா குருத்தெலும்பு அரைபடும். காலுக்குப் போகும் பெரிய நரம்பான சயாட்டிக் நரம்பு பின்சுவரை ஒட்டியே போகுது. அது இழுபடாம ஆபரேஷன் நடக்கும்போது முழங்காலை மடக்கி வைக்கணும். விபத்திலேயே அந்த நரம்பு அடிபட்டிருக்கான்னு தெரிய, ஆபரேஷனுக்கு முன்பே பாதத்தை மேலே தூக்க முடியுதான்னு பார்த்துக் குறிச்சு வைக்கச் சொல்லுங்க, மறக்காதீங்க.

பதில் 3: டாக்டர் சொல்லும்வரை, பெரும்பாலும் 6 முதல் 12 வாரம், அந்தக் காலில் முழு எடை கூடாது. சம்மணம், தரையில் உட்கார்ந்து எழுவது வேண்டாம். செட்டிநாட்டு வளவு வீட்டு உயர நிலைப்படியில் வாக்கரோடு ஆள் துணை வேணும்.