அப்பாவின் காது மெஷினுக்காக சி.இ.ஓ.வுக்கே எழுதலாமா? உண்மையான பதில் கிடைக்குமா?

தென்றல்வாசி எழுதியது:

வணக்கம். அப்பாவுக்கு வயது 74. இரண்டு காதிலும் சார்ஜ் போடும் வகை காது மெஷின். ஆறு வாரத்துக்கு முன்னால் அதன் செயலியில் ஒரு அப்டேட் வந்தது, நான்தான் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் காலையிலிருந்து இடது மெஷினில் சார்ஜ் ஏறவில்லை. சர்வீஸ் சென்டரில் கொடுத்தோம். சுத்தம் செய்து தந்தார்கள், இரண்டு நாள் ஓடியது, மறுபடி நின்றது. இரண்டாம் முறை கொண்டுபோனபோது "உள்ளே ஈரம் போயிருக்கிறது, வாரண்டியில் வராது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அப்பா மெஷினைக் கழற்றி டப்பாவில் வைக்காமல் குளியலறைப் பக்கமே போகமாட்டார்.

இதுவரை ஐந்து புகார் எண்கள். கஸ்டமர் கேரில் ஒவ்வொரு முறையும் புது ஆள், முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். "48 மணி நேரத்தில் கூப்பிடுவார்கள்" என்பதோடு சரி. வீட்டில் நாங்கள் பேசும்போது அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். காதில் விழவில்லை என்று சொல்லக்கூடக் கூச்சப்படுகிறார். அதைப் பார்க்கத்தான் முடியவில்லை.

கம்பெனியின் சி.இ.ஓ.வுக்கே எழுதலாமா என்று யோசிக்கிறேன். அவர் படிப்பாரா? படித்தாலும் உண்மையான பதில் வருமா? சர்வீஸ் சென்டர்காரர்களைப் பகைத்துக்கொண்டதாக ஆகிவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது.

(ஆர்டர் எண்ணும் சீரியல் எண்ணும் நீக்கப்பட்டன. – நெறியாளர்)

நெறியாளர்:

சகோதரி, எண்களைப் பொதுவில் போடாதீர்கள். அவற்றைப் பார்த்துவிட்டு "கம்பெனியிலிருந்து பேசுகிறோம்" என்று கூப்பிடும் மோசடிக்காரர்கள் இருக்கிறார்கள். தேடுபொறியில் கிடைக்கும் கஸ்டமர் கேர் எண்களையும் நம்ப வேண்டாம். கம்பெனியின் சொந்தத் தளத்தில் இருப்பதை மட்டும் எடுங்கள்.

கூர்நுனி:

நான் வேறொரு பொருளுக்காக இரண்டு முறை எழுதிப் பார்த்தேன். "உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்று அச்சடித்த மாதிரி ஒரு பதில். அவ்வளவுதான். நேரத்தை வீணாக்காதீர்கள்.

நான்காம்_மாடி:

கூர்நுனி சொல்வதும் நடப்பதுதான். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் நன்றாக எழுதலாம். ஒரு பெரிய கம்பெனியில் சி.இ.ஓ.வுக்கு வரும் புகார்களைப் பார்க்கும் மேசையில் ஏழு வருடம் இருந்தேன்.

அந்த முகவரிக்கு வருவதில் பெரும்பகுதியை சி.இ.ஓ. பார்ப்பதில்லை. அவருடைய செயலர் அலுவலகம் பார்க்கும், எங்களுக்கு அனுப்பும். நாங்கள் நான்கு பேர். எங்களிடம் வந்துவிட்டால் இரண்டு விஷயங்கள் மாறும். ஒன்று, உங்கள் புகாருக்கு ஒரே ஆள் பொறுப்பு, முடியும்வரை அவர்தான். இரண்டாவது, சர்வீஸ் பிரிவிடம் நாங்கள் ஒரு கேள்வி கேட்டால் அதைக் கிடப்பில் போட முடியாது, ஏனென்றால் மேலே அந்தப் பெயர் இருக்கிறது. வேறு எஞ்சினியரை வைத்து மறுபடி திறந்து பார்க்கச் சொல்வோம். மாற்றுக் கருவிக்கோ பணத்தைத் திருப்பித் தரவோ ஒப்புதல் வாங்குவோம். கஸ்டமர் கேரில் பேசும் பிள்ளைகளுக்கு அந்த அதிகாரம் கிடையாது. அவர்கள் மேல் கோபப்பட்டுப் பயனில்லை.

எங்களால் முடியாததும் உண்டு. "ஏன் இப்படி ஆனது" என்ற கேள்விக்கு முழுப் பதில் வாங்கித் தருவது கடினம். அப்டேட்டில் குறை என்று எழுத்தில் ஒப்புக்கொண்டால் அதே மாடல் வைத்திருக்கும் எல்லோருக்கும் பதில் சொல்ல வேண்டிவரும், அதனால் சட்டப் பிரிவு தலையிடும். பொருள் சரியாகும், காரணம் அரைகுறையாகத்தான் வரும். இதை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களிடம் தோற்ற கடிதங்கள் பெரும்பாலும் நியாயமான கடிதங்கள்தான். பன்னிரண்டு பக்கம் இருக்கும், சீரியல் எண் இருக்காது. அல்லது முப்பது அதிகாரிகளுக்கு ஒரே நேரத்தில் அனுப்பியிருப்பார்கள். ஒவ்வொருவரும் இன்னொருவர் பார்ப்பார் என்று விட்டுவிடுவார்கள். அல்லது என்ன வேண்டும் என்பதே கடிதத்தில் இருக்காது. படித்துவிட்டு மனசு கனத்துப்போகும், ஆனால் யாரிடம் என்ன கேட்பது என்று தெரியாது.

சர்வீஸ் சென்டர் பழிவாங்குமோ என்று பயப்படாதீர்கள். மேலிடத்திலிருந்து கேள்வி வந்த கருவியை அவர்கள் கூடுதல் கவனத்தோடுதான் தொடுவார்கள்.

பழைய_செய்தி:

பதில் வருவது வேறு, கேள்விக்கு விடை வருவது வேறு. இதற்கு எல்லோருக்கும் தெரிந்த உதாரணங்களே உண்டு. அமேசானை நடத்தியபோது ஜெஃப் பெசோஸ் தன் மின்னஞ்சல் முகவரியை வாடிக்கையாளர்களுக்குத் திறந்தே வைத்திருந்தார். வரும் புகாரில் ஒரு கேள்விக்குறியை மட்டும் போட்டுப் பொறுப்பான அதிகாரிக்கு அனுப்புவார். என்ன நடந்தது என்று தோண்டி எடுப்பது அந்த அதிகாரியின் குழு. புள்ளிவிவரம் ஒன்று சொல்லி, வாடிக்கையாளரின் அனுபவம் வேறொன்று சொன்னால், பெரும்பாலும் அனுபவம்தான் சரியாக இருக்கும் என்ற பொருளில் 2018ல் ஒரு மேடையில் பேசினார்.

மறுபக்கமும் இருக்கிறது. 2010ல் ஆப்பிளின் செய்தித் தொடர்புப் பிரிவு தன் கேள்விக்குப் பதில் தரவில்லை என்று ஒரு இதழியல் மாணவி ஸ்டீவ் ஜாப்ஸுக்கு எழுதினார். ஜாப்ஸே பதில் போட்டார், அதுவும் ஒரு முறைக்கு மேல். கடைசியில் எங்களை விட்டுவிடுங்கள் என்று முடித்துவிட்டார். உச்சியில் இருப்பவரே நேரில் எழுதியும் அந்தப் பெண்ணுக்குத் தேவையான விடை வரவில்லை. அதே வருடம், அமெரிக்காவின் ஏடி அண்ட் டி நிறுவனத் தலைவருக்கு இரண்டு மின்னஞ்சல் அனுப்பிய ஒரு வாடிக்கையாளருக்கு, இன்னொன்று அனுப்பினால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று ஒரு ஊழியர் குரல் செய்தி விட்டார். அது வெளியே வந்ததும் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

ஆகவே எழுதுங்கள் அக்கா. ஆனால் பெரிய பெயரிலிருந்து பதில் வருகிறதா என்று காத்திருக்காதீர்கள். பெயர் தெரியாத ஒருவர் கூப்பிட்டால் அந்த அழைப்புதான் முக்கியம்.

ஈயப்பற்று:

நான் கருவிகள் பழுது பார்ப்பவன். மெஷின் டப்பாவிலோ கையேட்டிலோ ஐபி68 என்று போட்டிருக்கிறதா பாருங்கள். 6 என்பது தூசி உள்ளே போகாது என்பது, 8 என்பது தொடர்ந்து மூழ்கியிருந்தாலும் தண்ணீர் தீங்கு செய்யாது என்பது. எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளர் சொல்ல வேண்டும். அப்படிப் போட்டு விற்றுவிட்டு "ஈரம்" என்று ஒரே சொல்லில் மறுத்தால், எங்கே ஈரம், எந்தப் பாகத்தில் துரு, புகைப்படம் எங்கே என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் அந்தச் சோதனை சுத்தமான தண்ணீரில் நடப்பது. வியர்வையின் உப்பு வேறு கதை, அதையும் அவர்கள் சொல்லலாம். வாதத்துக்குப் போகாமல் சர்வீஸ் அறிக்கையைக் கேளுங்கள். சுத்தம் செய்ததும் இரண்டு நாள் ஓடியது என்றால் சார்ஜ் ஏறும் உலோகப் புள்ளிகளையும் நான் சந்தேகிப்பேன். காது அழுக்கு படிந்தாலே தொடர்பு விட்டுப்போகும். காய்ந்த மென்துணியால் துடைத்துப் பாருங்கள்.

தென்றல்வாசி:

எல்லோருக்கும் நன்றி. ஐபி68 என்று போட்டிருக்கிறது! துடைத்தும் பார்த்தேன், பலன் இல்லை. நான்காம்_மாடி ஐயா, இப்படி எழுதியிருக்கிறேன்:

"என் தந்தையின் இடது செவிக் கருவி (சீரியல் எண், வாங்கிய தேதி) ஆறு வாரமாக இயங்கவில்லை. ஐந்து புகார் எண்களும் தேதிகளும் கீழே. ஈரம் என்று வாரண்டி மறுக்கப்பட்டது, அறிக்கை தரப்படவில்லை. உங்கள் நிறுவனம் எவ்வளவு அலட்சியமானது என்பதை உலகுக்குச் சொல்வேன். தயவுசெய்து உதவுங்கள்."

நான்காம்_மாடி:

ஐயா இல்லை, அக்கா என்றே கூப்பிடுங்கள். முதல் பாதி மிக நன்றாக வந்திருக்கிறது. "உலகுக்குச் சொல்வேன்" என்ற வரியை எடுத்துவிடுங்கள். மிரட்டல் இருந்தால் கடிதம் சட்டப் பிரிவுக்குப் போய் அங்கேயே வாரக்கணக்கில் கிடக்கும். "உதவுங்கள்" என்பதற்குப் பதிலாக: வேறொரு எஞ்சினியர் பரிசோதித்து எழுத்தில் அறிக்கை தர வேண்டும், அதுவரை தற்காலிகக் கருவி ஒன்று வேண்டும், பத்து வேலை நாளுக்குள் பதில் எதிர்பார்க்கிறேன். தற்காலிகக் கருவியை மறக்காமல் கேளுங்கள், கேட்காதவர்களுக்கு நாங்களாகக் கொடுத்ததே இல்லை. அப்பா தலையாட்டுவதைப் பற்றி இங்கே எழுதியிருந்தீர்களே, அதை ஒரு வரியில் சேருங்கள். நாங்களும் மனிதர்கள்தான்.

முகவரி ஆண்டறிக்கையிலோ முதலீட்டாளர் பக்கத்திலோ கிடைக்கும். பதிவு அலுவலகத்துக்குத் தபாலிலும் ஒரு நகல் அனுப்பி ஒப்புகைச் சீட்டு வாங்கி வையுங்கள். அவருடைய வீட்டுக்கோ சொந்த எண்ணுக்கோ போகாதீர்கள்.

தென்றல்வாசி (13 நாள் கழித்து):

நான்காவது நாள் ஒரு பெண் கூப்பிட்டார். சி.இ.ஓ. அலுவலகத்திலிருந்து என்றார். தன் நேரடி எண்ணைக் கொடுத்தார். தற்காலிகக் கருவி மறுநாளே வந்தது. அப்பா காதில் போட்டதும் முதலில் கேட்டது, "டிவி இவ்வளவு சத்தமாகவா வைத்திருந்தீர்கள்?" என்றுதான்.

மறுபரிசோதனையில் உள்ளே துரு இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். புதுக் கருவி தருகிறார்கள், வாரண்டியில். ஆனால் "சார்ஜ் பாகத்தில் பழுது" என்பதற்கு மேல் அறிக்கையில் எதுவும் இல்லை. முதலில் ஏன் ஈரம் என்று சொன்னார்கள், அப்டேட்டுக்கு இதில் பங்கு உண்டா, இரண்டுக்கும் பதில் இல்லை. வலது மெஷினுக்கும் இதே ஆகுமோ என்று கவலையாக இருக்கிறது. மறுபடி சி.இ.ஓ.வுக்கு எழுதட்டுமா?

நான்காம்_மாடி:

வேண்டாம் அம்மா. அந்தப் பெண்ணின் எண் இருக்கிறதே, அவருக்கே எழுதுங்கள். அப்டேட் பற்றிக் கேட்டால் பதில் வராது. "வலது கருவியில் இதே பழுது வந்தால் ஈரம் என்று மறுக்காமல் மாற்றித் தருவீர்களா, எழுத்தில் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அவரால் கையெழுத்து வாங்க முடியும்.

தென்றல்வாசி:

எழுதிவிட்டேன் அக்கா. பதில் வந்ததும் சொல்கிறேன். இழையை மூட வேண்டாம், நெறியாளரே.