மறு: மறு: ‘ஃபொரின் கீ’க்கு ஒரு சொல், வெள்ளிக்கு முன் வேணும் (ஒவ்வொரு பதிலின் தலையிலும் இருப்பது எழுதியவரின் ஊர்)

வந்தாறுமூலை (தொகுப்பு):

எல்லாருக்கும் வணக்கம், ஸலாம். தரவுத்தள ஆய்வுகூடக் கைநூலின் ஐந்தாம் அத்தியாயம் வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகணும். விரிவுரை இங்கிலீசில்தான். உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு வரும் முதலாம் வருடப் பிள்ளைகள் பக்கத்தில் விரித்து வைத்துக்கொள்ளத்தான் இந்தக் கைநூல். அட்டவணை, நிரை (கிடை வரிசை), நிரல் (செங்குத்து வரிசை), வினவல் (தரவைக் கேட்டு எடுக்கும் கட்டளை), முதன்மைச் சாவி (ஒவ்வொரு நிரையையும் தனித்து அடையாளம் காட்டும் நிரல்) எல்லாம் தகராறில்லாமல் முடிந்துவிட்டன. ‘ஃபொரின் கீ’ மட்டும் நிற்கிறது; அதாவது, தன் பெறுமானம் ஒரு சாவியில் இருந்தே ஆகவேண்டும் என்று கட்டுப்பட்ட நிரல். பிள்ளைகள் பழகி வருவது ‘அந்நியச் சாவி’. அதையே போடலாம் என்றால் பயிற்சி 4 இடிக்கிறது.

அதில் இரண்டு அட்டவணை. ‘வட்டை’ (வயல்கள் சேர்ந்த வெளி) அட்டவணையில் வட்டை_இல, பெயர், வட்டவிதானை (அதன் பொறுப்பாளர்). ‘வயல்’ அட்டவணையில் வயல்_இல, ஏக்கர், வட்டை_இல. அந்நியச் சாவி எந்த அட்டவணையில் இருக்கிறது என்று கேட்டால் பலர் வட்டையைக் காட்டுகிறார்கள். அந்நியம் என்றால் வெளியில் இருப்பதுதானே என்பது அவர்கள் நியாயம். உண்மையில் அது இருப்பது வயலில். வெளியில் இருப்பது அது குறிக்கிற முதன்மைச் சாவி. இந்தக் குழப்பத்தை வளர்க்காத சொல்லாகப் பார்த்துத் தாருங்கள்.

காரைதீவு:

தம்பி, ‘அந்நியம்’ வடசொல். ‘சாவி’ போர்த்துக்கேயர் விட்டுப்போனது. இரண்டு பாதியும் வெளியிலிருந்து வந்த சொல்லைக் கட்டி வைத்துக்கொண்டு, பிள்ளை வெளியில் தேடுகிறது என்று குறைப்படுகிறீர்கள். விபுலானந்த அடிகள் பிறந்த ஊரிலிருந்து எழுதுகிறேன். 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்கத்துக்குத் தலைமை தாங்கியவர் அவர். நம் வீடுகளில் யார் சாவி என்கிறார்கள்? ‘திறப்பைக் கொண்டா’ என்பதுதானே பேச்சு. முதன்மைத் திறப்பு, அயல் திறப்பு என்று எழுதுங்கள். புணர்த்தி எழுதினால் அயற்றிறப்பு. தகரம் வர லகரம் றகரமாகும், வந்த தகரமும் றகரமாகும். கல்லும் தீதும் சேர்ந்து கற்றீது ஆன அதே விதி.

ஏறாவூர்:

சேர், அயற்றிறப்பைத் திறக்கவே இன்னொரு திறப்பு வேணும்.

அக்கரைப்பற்று:

கதிரையில் இருந்து, மேசையில் கை வைத்துக்கொண்டு, அலுமாரிச் சாவியை மட்டும் போர்த்துக்கேயம் என்று தள்ளுவதா? எல்லாமே ஒரே கப்பலில் வந்ததுதான். 1628இல் மட்டக்களப்பில் கோட்டை கட்டினவன் 1638இல் அதை ஒல்லாந்தரிடம் பறிகொடுத்தான். சொற்கள் மட்டும் இங்கேயே தங்கிவிட்டன. சொல் எங்கிருந்து வந்தது என்பதை விடுவோம். பிள்ளை எதில் விழுகிறது என்று பார்ப்போம். மைஎஸ்கியூஎல் 8 என்ற தரவுத்தள மென்பொருளில் அடிக்கடி வரும் பிழை இலக்கங்கள் இவ்வளவுதான்:

வட்டை அட்டவணையில் இல்லாத இலக்கத்தை வயலில் போட்டால் 1452. வயல்கள் இருக்கும்போது வட்டை நிரையை அழிக்கப் போனால் 1451. ஒரு பக்கம் ‘இன்ட்’ (முழு எண்), மறுபக்கம் ‘அன்சைன்ட் இன்ட்’ (மறை எண் ஏற்காத முழு எண்) என்று வகை மாறினால் 3780. இதில்தான் கூடுதல் நேரம் போகும், ஏனென்றால் இரண்டுமே கண்ணுக்கு இலக்கமாகத்தான் தெரியும். பிழைச்செய்தியே வராத வழியும் ஒன்று இருக்கிறது: நிரலின் பெயருக்குப் பக்கத்திலேயே ‘ரெஃபரன்சஸ்’ என்று எழுதிவிட்டு, கீழே ‘ஃபொரின் கீ’ என்று தனி வரி எழுதாமல் விடுவது. 8ஆம் பதிப்பு அதை வாசித்துவிட்டுக் கண்டுகொள்ளாமல் போகும். அட்டவணை உருவாகும், கட்டுப்பாடு இருக்காது. எஸ்கியூலைட் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருளில் பயிற்சி செய்கிற பிள்ளைக்கு வேறு சோதனை: ‘பிராக்மா ஃபொரின்_கீஸ்’ஐ ஒவ்வொரு இணைப்பிலும் இயக்கினால் ஒழிய, எழுதின கட்டுப்பாட்டை அது பார்க்காது.

இவ்வளவும் ஒன்றைத்தான் காட்டுது. ஃபொரின் கீ ஒரு கட்டுப்பாடு, அலங்காரம் இல்ல. இரண்டு அட்டவணையைச் சேர்ப்பதாலே ‘இணைப்புச் சாவி’ என்று வைப்போமே. வாயிலும் நுழையும்.

ஒலுவில்:

காக்கா, முன்பாதி சரி, பின்பாதிதான் கவிழ்க்குது. இரண்டு அட்டவணையின் நிரைகளைச் சேர்த்து எடுக்கிற ‘ஜொயின்’ என்பதற்கு இணைப்பு என்று மூன்றாம் அத்தியாயத்திலேயே எழுதியாச்சு. இணைப்புச் சாவி என்று பெயர் வைத்தால், ஃபொரின் கீ இல்லாவிட்டால் ஜொயின் செய்ய ஏலாது என்று பிள்ளை எழுதும். இப்பவே எழுதுது. ஜொயினுக்கு அது தேவையே இல்லை; ஒப்பிடக்கூடிய எந்த இரண்டு நிரலையும் சேர்க்கலாம். ஃபொரின் கீ வேலை செய்வது நிரை ஒன்று உள்ளே வரும்போதும், மாறும்போதும், அழியும்போதும். வினவல் ஓடும்போது அது சும்மா இருக்கும்.

வேகத்துக்கும் அது பொறுப்பில்லை. மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபி என்ற சேமிப்புப் பொறி அந்த நிரலுக்குத் தானாகச் சுட்டெண் (தேடலை விரைவாக்கும் அடைவு) போட்டுவிடும். போஸ்ட்கிரெஸ் என்ற மற்ற மென்பொருள் போடாது. அங்கே வயலின் வட்டை_இல நிரலுக்கு நாமே போடாவிட்டால், வட்டையில் ஒரு நிரையை அழிக்கும்போது வயல் அட்டவணை முழுவதையும் அது வாசித்துப் பார்க்கும்.

களுவாஞ்சிக்குடி:

அயல், அந்நியம் இரண்டுமே எனக்கு ஒத்துவரவில்லை. பயிற்சி 7ஐப் பாருங்கள். ‘ஆள்’ என்று ஒரே அட்டவணை: ஆள்_இல, பெயர், தாய்_இல. தாய்_இல அதே அட்டவணையின் ஆள்_இலவைத்தான் பார்க்கிறது. இதுவும் ஃபொரின் கீ. பெற்ற தாயைக் காட்டுகிற நிரலுக்கு ‘அந்நியச் சாவி’ என்று பெயர் வைத்தால் ஊரில் யாரும் சும்மா விடுவார்களா?

இதே பயிற்சியில் இன்னொரு விசயம். ‘குடி’ என்றொரு நிரலையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறீர்கள். மட்டக்களப்பில் குடி என்ற குலப்பிரிவு தாய்வழி, வயிற்றுவார் பார்த்துச் சொல்வது. அப்படியென்றால் குடியைத் தீர்மானிப்பது ஆள்_இல இல்லை, தாய்_இல. தாய்_இல ஆள்_இலவைச் சார்ந்து, குடி தாய்_இலவைச் சார்ந்து, மூன்றாம் செவ்வன் வடிவம் (சாவியல்லாத நிரல் இன்னொரு சாவியல்லாத நிரலைச் சாரக்கூடாது என்ற விதி) அங்கேயே உடைகிறது. நிரலைச் சும்மா நீக்கினாலும் சரிவராது. தாயின் விவரம் இல்லாத மேல்தலைமுறைப் பெண்ணுக்குத் தாய்_இல ‘நல்’ (பெறுமானம் இல்லை என்ற குறி), அவர் குடியை எங்கே எழுதுவது? அப்படிப்பட்டவர்களின் குடியை மட்டும் தனி அட்டவணையில் வைத்து, கீழே உள்ளவர்களுக்கு ‘வித் ரிகர்சிவ்’ வினவலால் மேலே ஏறிப் போய் எடுக்க வைக்கலாம். பிள்ளைகளுக்கு ஊர் வழமையும் தெரியும், விடையும் தங்கள் வீட்டிலேயே சரிபார்க்கலாம்.

ஏறாவூர்:

‘நோர்மல்’ என்பதற்குச் செவ்வனா இயல்பா என்று இப்ப தொடங்கிவிடாதீங்க. அது போன வருசச் சண்டை.

காரைதீவு:

தாய்_இல உதாரணத்துக்கு நன்றி. இலக்கணத்தில் வழி இருக்கிறது. சுட்டு! அகச்சுட்டு, புறச்சுட்டு என்று பிரித்து வைத்தார்களே. ‘அவன்’ என்பதில் அகரம் சொல்லுக்குள்ளேயே நின்று சுட்டுவதால் அகச்சுட்டு. ‘அவ்வீடு’ என்பதில் வெளியே நின்று சுட்டுவதால் புறச்சுட்டு. தாய்_இல அகச்சுட்டுச் சாவி, வட்டை_இல புறச்சுட்டுச் சாவி. (பாருங்கள், ‘சாவி’யைக்கூட விட்டுக்கொடுத்துவிட்டேன்.) இதில் இகரம் அண்மை, அகரம் சேய்மை, உகரம் இடைமை. இந்த உகரச் சுட்டு எழுத்துத் தமிழில் அருகிவிட்டாலும் யாழ்ப்பாணத்தார் ‘உவன்’, ‘உது’ என்று இன்னும் சொல்கிறார்கள். நம் கணினியிலும் இல்லாமல் முழுத் தொலைவிலும் இல்லாமல் நடுவே இருக்கிற தரவுத்தளங்களைக் காட்டவும் அது உதவும்.

அக்கரைப்பற்று:

உகரம் வரைக்கும் போயாச்சா, சேர். மறுகா திரும்பி வாறது எப்ப?

ஒலுவில்:

அகம், புறம் எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் ‘சுட்டு’ கூடாது. எட்கர் கொட் 1970இல் அட்டவணைகளாலான இந்த ‘ரிலேஷனல்’ மாதிரியை எழுதினதே சுட்டிகளைப் பிடித்துக்கொண்டு தரவுக்குள் நடக்கிற முறையிலிருந்து விடுபடத்தான். அதற்கு முந்தின வலையமைப்பு முறையில் ஒரு பதிவு அடுத்த பதிவின் இடத்தையே காட்டும். கொட்டின் மாதிரியில் இடம் இல்லை, பெறுமானம்தான். வயலில் 12 என்று இருக்கிறது, வட்டையிலும் 12 என்று இருக்கிறது, அவ்வளவுதான் உறவு. சி மொழியில் சுட்டி படித்த பிள்ளையிடம் சுட்டுச் சாவி என்றால், 12 ஒரு நினைவக முகவரி என்று நினைத்துக்கொள்ளும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ‘ரிலேஷனல்’ என்ற பெயர் வந்தது அட்டவணைகளுக்கு இடையிலுள்ள தொடர்பால் இல்லை. கொட் சொன்ன ‘ரிலேஷன்’ கணிதத் தொடைகளில் வருவது, அட்டவணையே அதுதான். பெட்டியும் சாய்சதுரமும் வரைந்து காட்டுகிற ‘ரிலேஷன்ஷிப்’ பீற்றர் சென் 1976இல் கொண்டுவந்தது. நாம் இரண்டுக்கும் ‘தொடர்பு’ என்றே எழுதுகிறோம்.

வந்தாறுமூலை (தொகுப்பு):

அது ஆறாம் அத்தியாயம். கையெடுத்துக் கும்பிடுகிறேன், ஒவ்வொன்றாக வருவோம்.

சம்மாந்துறை:

ஒரு சொல் வைக்கிறேன்: பிணைச் சாவி. பிணைத்தல் என்றால் கட்டுதல், அது ஒன்று. பிணை நிற்றல் இன்னொன்று. வங்கிக் கடனுக்குப் பிணையாளி கேட்பதுபோல, வயல் நிரை உள்ளே வர வேண்டும் என்றால் வட்டை நிரை பிணை நிற்கணும். பிணைக்கு ஆளில்லையா, 1452. பிணை நிற்கிறவர் பொறுப்பை விட்டுவிட்டுப் போகப் பார்க்கிறாரா, 1451. சொல்லிலேயே கட்டுப்பாடு இருக்கிறது. தாயே பிணை நின்றாலும் யாருக்கும் கோபம் வராது. சாவி எந்தப் பக்கம் என்ற குழப்பமும் இல்லை, பிணை தேடுகிற நிரையில்தான் அது இருக்கும்.

அக்கரைப்பற்று:

அழிக்க விடாத ‘ரெஸ்ட்ரிக்ட்’டுக்கு அழகாப் பொருந்துது. சார்ந்த நிரைகளையும் சேர்த்து அழிக்கிற ‘ஆன் டிலீட் கஸ்கேட்’டுக்கு என்ன சொல்லப் போறீங்க? பிணையாளி மௌத்தானால் கடன்காரனும் கூடவே மௌத்தா?

சம்மாந்துறை:

அதனால்தான் கஸ்கேட்டை யோசித்துப் போடச் சொல்கிறோம். ‘செட் நல்’ போட்டால் பிணையில்லாமல் நிற்க விடுகிறோம் என்று சொல்லலாம். அதற்கு நிரல் நல்லை ஏற்கணும், ‘நொட் நல்’ என்று அறிவித்திருந்தால் மைஎஸ்கியூஎல்லில் கட்டுப்பாடே உருவாகாது.

களுவாஞ்சிக்குடி:

நல் வந்த இடத்தில் பிணை உதைக்கும். நல் பெறுமானத்துக்கு ஃபொரின் கீ சோதனையே கிடையாது, பிணையில்லாமலே உள்ளே போகும். இரண்டு நிரல் சேர்ந்த சாவியில் ஒன்று மட்டும் நல் என்றாலும், வழமையான விதிப்படி மற்ற நிரலையும் பார்க்காது. இல்லாத இலக்கத்தை வைத்துக்கொண்டும் அந்த நிரை உள்ளே வந்துவிடும். இதைப் பிணை என்று சொல்லிக் கொடுத்தால், ‘அப்ப பிணை கட்டாயமில்லையா மிஸ்?’ என்று கேட்பார்கள்.

இதிலிருந்து பயிற்சி 9க்கும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. ‘ஒரு வயலும் இல்லாத வட்டைகள்’ என்ற வினவலுக்கு ‘நொட் இன்’ போட்ட விடையைத் தந்திருக்கிறீர்கள். வயலில் ஒரே ஒரு நிரையில் வட்டை_இல நல் என்றாலும் விடை வெறுமையாக வரும். நல்லோடு ஒப்பிட்டால் உண்மையும் இல்லை பொய்யும் இல்லை, ‘தெரியாது’ என்பதுதான் விடை. ‘தெரியாது’ என்று வந்த நிரையை வினவல் தராது. ‘நொட் எக்ஸிஸ்ட்ஸ்’ என்று மாற்றுங்கள்.

காரைதீவு:

பிணைக்குப் பழைய சொல்லாட்சி நிறைய உண்டு. பெண்மானும் பிணை, கலையும் (ஆண்மான்) பிணையும் சங்கப் பாட்டில் சேர்ந்து வரும். தொடுத்த மாலை பிணையல். ஆனால் பிணம், பிணி, பிணக்கு மூன்றும் இந்த வேரின் பக்கத்திலேயே நிற்கின்றன. உடலைக் கட்டிப்போடுவதால் பிணி, மனம் முறுக்கிக்கொள்வதால் பிணக்கு என்று விரித்துக்கொண்டே போகலாம். இதை ஒரு தனிக் கட்டுரையாக

ஏறாவூர்:

சேர், பின்னேரம் நாலு மணிக்கு அச்சகம் பூட்டிருவாங்க. பேசாம ‘ஃபொரின் கீ’ என்று தமிழ் எழுத்தில் போட்டுவிட்டா என்ன? பரீட்சைத் தாளும் இங்கிலீசு, பிழைச்செய்தியும் இங்கிலீசு.

காரைதீவு:

வடசொல்லையே வடவெழுத்தை நீக்கித்தான் எடுக்கச் சொன்னார் தொல்காப்பியர். நீங்கள் ஃ-ஐயும் பகரத்தையும் ஒட்டவைத்துக்கொண்டு வருகிறீர்கள்.

வந்தாறுமூலை (தொகுப்பு):

எண்ணிப் பார்த்தேன். கூடுதலானோர் பழகின சொல்லை விடச் சம்மதமில்லை. ஆகவே ‘அந்நியச் சாவி’தான் போகிறது. வரைவிலக்கணத்தை மாற்றி எழுதியிருக்கிறேன்: “ஓர் அட்டவணையின் நிரலில் உள்ள பெறுமானம் வேறோர் அட்டவணையின் அல்லது அதே அட்டவணையின் சாவியில் இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட நிரல்.” ‘அதே அட்டவணை’ என்பதைத் தடித்த எழுத்தில் போடச் சொல்லியிருக்கிறேன். பயிற்சி 4இன் கேள்வியும் மாறிவிட்டது: “வயல் அட்டவணையின் எந்த நிரல் வட்டையைச் சார்ந்துள்ளது?” பயிற்சி 7இல் குடி நிரலை எடுத்துவிட்டு, ‘ஏன் எடுத்தோம்?’ என்பதைக் கேள்வியாக வைத்துவிட்டேன். பயிற்சி 9 நொட் எக்ஸிஸ்ட்ஸ்.

சம்மாந்துறை:

சரி. என்ட டியூட்டோரியல் தாளில் பிணைச் சாவி என்றுதான் போடுவேன், அடைப்புக்குள் உங்கட சொல்லும் இருக்கும். பிள்ளைகள் எதைப் பிடிக்கிறார்கள் என்று பார்ப்போம்.

காரைதீவு:

எனக்குச் சம்மதமில்லை என்பதைப் பதிந்து வையுங்கள். குறைந்தபட்சம் சொல்லடைவில் ‘திறப்பு: காண்க, சாவி’ என்று ஒரு வரியாவது போடுங்கள். வீட்டுச் சொல்லைத் தேடிப் பார்க்கிற பிள்ளை வெறுங்கையோடு திரும்பக் கூடாது.

வந்தாறுமூலை (தொகுப்பு):

போட்டாச்சு சேர்.

களுவாஞ்சிக்குடி:

அச்சுக்குக் கொடுக்க முன்னம் 31ஆம் பக்கத்தைப் பாருங்கள். கட்டளைத் தொகுப்பில் வயல் அட்டவணை முதலிலும் வட்டை பிறகும் உருவாகிறது. அப்படியே ஓடவிட்டால் முதல் கட்டளையிலேயே 1824 வரும், வட்டை அட்டவணையைத் திறக்க முடியவில்லை என்று. உருவாக்கும்போது வட்டை முதலில், நீக்கும்போது வயல் முதலில். கீழே உள்ள ‘ட்ரொப்’ வரிகளும் தலைகீழாகத்தான் கிடக்குது.