காலையில் கார் ஸ்டார்ட் ஆக நேரமாகிறது, எரிபொருள் பிரஷர் சரியாக இருந்தும்

கேட்டவர்: அவசரம். காலையில் ஏழெட்டு வினாடி செல்ஃப் அடித்தால்தான் கார் பிடிக்கிறது. பேட்டரியும் பிளக்கும் புதிது. எரிபொருள் லைனில் பிரஷர் கேஜ் போட்டேன், 3 பார். இனி எங்கே பார்ப்பது?

பதில் 1: பெட்ரோலா டீசலா? 3 பார் எப்போது காட்டியது?

பதில் 2: எரிபொருள் ஃபில்டர்தான். கண்ணை மூடிக்கொண்டு மாற்றுங்கள்.

பதில் 3: ஃபில்டர் அடைத்தால் ஏற்றத்தில் இழுக்காது, காலையில் மட்டும் அடம்பிடிக்காது. கேஜ் வைத்திருப்பவர்களுக்கே இது தெரியவில்லை. சாவி போட்டதும் வரும் அளவை மட்டும் பார்த்து என்ன பயன்? அணைத்த பிறகு பிரஷர் இறங்காமல் நிற்கிறதா என்று பாருங்கள்.

கேட்டவர்: பெட்ரோல், பழைய வண்டி, ரிட்டர்ன் லைன் (மிஞ்சும் பெட்ரோலை டேங்குக்குத் திருப்பும் குழாய்) உண்டு. சாவி போட்டதும் 3. அணைத்துப் பத்து நிமிடத்தில் பூஜ்யம்.

பதில் 1: அப்படியானால் கசிகிறது. காலையில் இரண்டு மூன்று முறை சாவியைப் போட்டு எடுத்துவிட்டு (ஒவ்வொரு முறையும் பம்ப் கொஞ்சம் பிரஷர் ஏற்றும்) செல்ஃப் அடியுங்கள். உடனே பிடித்தால் சந்தேகமே இல்லை. பிறகு பிரஷர் ஏற்றி, அணைத்ததும் ரப்பர் ஹோஸை நெரித்துப் பாருங்கள். பம்ப் பக்கம் நெரித்து இறக்கம் நின்றால் பம்பின் செக் வால்வு (பெட்ரோல் பின்னால் போகாமல் தடுப்பது), ரிட்டர்ன் பக்கம் நெரித்து நின்றால் ரெகுலேட்டர் (பிரஷரைச் சீராக வைப்பது). பிளாஸ்டிக் குழாயை நெரிக்க வேண்டாம், விரிசல் விட்டுவிடும்.

பதில் 2: எப்போதும் கால் டேங்கில் ஓட்டினாலும் டேங்குக்குள் இருக்கும் பம்ப் கெட்டுப்போகலாம். பெட்ரோல்தான் அதைக் குளிர வைக்கிறது.

பதில் 3: பெட்ரோல் பம்பின் மோட்டாருக்கு உள்ளேயே ஓடுகிறது, டேங்க் குறைந்தாலும் குளிரும். வளைவில் காற்றை இழுப்பதுதான் ஆபத்து.

பதில் 2: பம்பின் மேல்பாகம் பெட்ரோலுக்கு வெளியே நின்றால் சூடேறாதா?

கேட்டவர்: இரு பக்கமும் நெரித்தேன். இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது.

பதில் 3: எஞ்சினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் இஞ்செக்டர் ஒழுகுகிறது. கழற்றுங்கள்.

பதில் 1: பொறுங்கள். ரெகுலேட்டரின் உள்ளே உள்ள டயஃப்ரம் (மெல்லிய சவ்வு) கிழிந்தாலும் இப்படித்தான் வரும். பெட்ரோல் ரிட்டர்னில் போகாமல் ரெகுலேட்டரில் மாட்டியிருக்கும் வேக்கம் ஹோஸ் வழியாக மேனிஃபோல்டுக்குள் (எஞ்சினுக்குக் காற்று போகும் குழாய்) போகும், எங்கே நெரித்தாலும் நிற்காது. அந்தச் சின்ன ஹோஸைக் கழற்றி முனையைத் தொட்டுப் பாருங்கள். உலர்ந்திருக்க வேண்டும். எஞ்சின் ஆறியிருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது.

கேட்டவர்: முனை ஈரம், விரலில் பெட்ரோல் வாசனை. ரெகுலேட்டர் மாற்றினேன். இன்று காலை தொட்டதும் பிடித்தது. நன்றி.