வீடு தேடிப் போகும் பணி: 4 பேரை வைத்து 120 குடும்பங்கள் முடியுமா?

களத்துமேடு:
கர்ப்பிணிகளோ 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளோ இருக்கிற, வருமானமும் ஆதரவும் இல்லாத குடும்பங்களுக்காக வீடு தேடிப் போகும் திட்டம் ஒன்றைத் தொடங்கியிருக்கிறோம். களப்பணியாளர்கள் 4 பேர், யாரும் நர்ஸ் இல்லை. மேற்பார்வைக்கு ஒருவர். பட்டியலில் 120 குடும்பங்கள். ஆளுக்கு 30 வீடு, மாதம் ஒரு தடவை என்று கணக்கு. சோதனை ஓட்டத்தில் இரண்டு விஷயம் இடிக்கிறது. பணியாளர் உள்ளே நுழைந்ததும் குழந்தையை அவர் மடியில் விட்டுவிட்டு அம்மா வீட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார். இரண்டு மூன்று தடவைக்குப் பிறகு கதவு பூட்டிக் கிடக்கிறது. எங்கே தப்பு? ஆட்களைக் கூட்ட இப்போதைக்கு வழியில்லை.

ஈரமண்:
முதலில் அந்த "மாதம் ஒரு தடவை"யை மாற்றுங்கள். ஒரு மாதம் கழித்துப் போனால் போன தடவை பேசியது இருவருக்குமே மறந்திருக்கும். எல்லா வருகையும் முதல் வருகையாகவே கழியும்.

நர்ஸ் இல்லையே என்று கலங்க வேண்டாம். ஜமைக்காவின் கிங்ஸ்டனில் சாலி கிரந்தம்-மெக்ரிகர் குழு 1986-87இல் தொடங்கிய ஆய்வில், வளர்ச்சி குன்றிய 9 முதல் 24 மாதக் குழந்தைகளின் வீட்டுக்கு வாரம் 1 மணி நேரம், 2 வருஷம் போனவர்கள் சமூக சுகாதார உதவியாளர்கள்தான். 20 வருஷம் கழித்துப் பார்த்தபோது, அதேபோல் குன்றியிருந்தும் இந்த உதவி கிடைக்காதவர்களைவிட அந்தப் பிள்ளைகளின் வருமானம் 25 சதவீதம் கூடுதலாக இருந்தது. ஆனால் மறுபக்கமும் உண்டு. அமெரிக்காவின் டென்வரில் ஒரே திட்டத்தை நர்ஸ்களும் நர்ஸ் அல்லாதவர்களும் தனித்தனியாக நடத்தியதில், நர்ஸ் அல்லாதவர்கள் தரப்பில் பலன் ஏறத்தாழ பாதிதான். என் கணிப்பு இது: டென்வரில் கர்ப்பகாலம், உடல்நலம், படிப்பு, வேலை, பிள்ளை வளர்ப்பு எல்லாமே ஒருவர் தலையில். கிங்ஸ்டனில் அவர்கள் கொண்டுபோனது விளையாட்டும் பேச்சும். உங்கள் 4 பேருக்கும் வேலையைக் குறுக்கிக் கொடுங்கள், அதை ஆழமாகப் பழக்குங்கள்.

இனி கணக்கு. 1 மணி நேர வருகை, போக வர நேரம், குறிப்பு எழுதுவது எல்லாம் சேர்த்து 2 மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 3 வீடு, அதற்கு மேல் போனால் நாலாவது வீட்டில் பணியாளர் கடிகாரத்தைத்தான் பார்ப்பார். வாரம் 4 நாள் களம் என்றால் 12 வருகை. ஐந்தாவது நாள் மேற்பார்வைக்கும் பொம்மை செய்யவும். 15 நாளுக்கு ஒரு தடவை போனால் ஆளுக்கு 24 வீடு வரும். பூட்டிய கதவு, காய்ச்சல், மழை என்று கழித்தால் 20. ஆக மொத்தம் 80 குடும்பங்கள். மீதி 40 பேரைக் காத்திருப்புப் பட்டியலில் வைப்பது மனசுக்குக் கஷ்டம்தான், ஆனால் 120 பேருக்கும் பாதி வேலை செய்வதைவிட நியாயமானது. முதல் பிரசவம், 2.5 கிலோவுக்குக் குறைவான பிறப்பு எடை, தனியாக இருக்கும் தாய் ஆகியவர்களை முதலில் எடுங்கள்.

பிரசவம் ஆனவுடன் மட்டும் இந்த அட்டவணை செல்லாது. முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாளுக்குள் இன்னொரு தடவை போக வேண்டும். குழந்தை இறப்பு அதிகம் நடப்பது அந்த முதல் வாரத்தில்தான்.

சிறுகை:
அம்மா எழுந்து போவதற்குக் காரணம் அம்மா அல்ல. பொம்மையைப் பையிலிருந்து எடுத்துப் பணியாளரே குழந்தையிடம் ஆட்டினால், "வாத்தியார் வந்துவிட்டார், பாடம் நடக்கட்டும்" என்றுதான் யாருக்கும் தோன்றும். பணியாளர் போன பிறகும் குழந்தையோடு இருக்கப் போவது அம்மா. அந்த 1 மணி நேரமும் அவருக்கானது.

உட்காரும் இடத்திலிருந்தே தொடங்குங்கள். குழந்தை அம்மா மடியில், பணியாளர் எதிரே தரையில். முதல் 10 நிமிஷம் அவர் எப்படி இருக்கிறார், தூங்கினாரா என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். அடுத்து, போன தடவை விட்டுவந்த பொம்மையை வைத்து என்ன செய்தீர்கள், செய்து காட்டுங்கள் என்பது. செய்யவில்லை என்றால் அதட்டல் கூடாது. எந்த நேரத்தில் செய்ய முடியும் என்று சேர்ந்து தேட வேண்டும், குளிப்பாட்டும் நேரமே போதும். பிறகு புதிய விளையாட்டு ஒன்று, கூடினால் இரண்டு. பணியாளர் ஒரே ஒரு தடவை செய்து காட்டிவிட்டு பொம்மையை அம்மா கையில் கொடுத்துவிட வேண்டும். நம் ஆட்கள் வழுக்குவது இங்கேதான்; குழந்தை சிரித்துவிட்டால் கொடுக்க மனசு வராது.

பாராட்டும் பொத்தாம் பொதுவாக இருக்கக் கூடாது. "நல்லா செய்றீங்க" என்பது காற்றோடு போகும். "அவன் 'ஆ' என்றதும் நீங்களும் 'ஆ' என்றீர்கள், உடனே உங்கள் வாயையே பார்த்தான், கவனித்தீர்களா?" என்றால் அடுத்த நாளும் அதைச் செய்வார்.

பொம்மைக்குக் காசு தேவையில்லை. சின்ன பிளாஸ்டிக் பாட்டிலில் வண்ண மூடிகள் நாலைந்து போட்டு, பாட்டில் மூடியைப் பசை வைத்து இறுக்கி, அதன்மேல் நாடா சுற்றினால் கிலுகிலுப்பை தயார். பசை காயாமல் கொடுத்தால் ஆபத்து: மூடி கழன்றால் உள்ளே இருப்பது குழந்தையின் தொண்டையை அடைக்கும் அளவு. 4 செ.மீ. அகலக் குழாய் ஒன்றைக் கையில் வைத்திருங்கள். அதற்குள் முழுதாக நுழையும் எதையும் 3 வயதுக்குட்பட்ட குழந்தையிடம் உதிரியாகத் தரக் கூடாது. பொம்மையை அங்கேயே விட்டுவந்து அடுத்த தடவை மாற்றிக்கொள்ளுங்கள். திரும்பிவந்ததைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, விரிசல் பார்த்த பிறகுதான் அடுத்த வீடு.

களத்துமேடு:
மடியில் உட்காரும் விஷயம் எங்கள் கண்ணில் படவே இல்லை, நன்றி. பூட்டிய கதவுக்கு என்ன செய்வது? வீட்டில் அடிதடி இருப்பது தெரிந்தால்?

நடுச்சுவர்:
பூட்டிய கதவை "ஒத்துழைக்காத குடும்பம்" என்று எழுதி மூடிவிடாதீர்கள். முந்தின நாள் ஒரு போன், பிறகு வேறு வேறு கிழமையிலும் நேரத்திலும் 3 தடவை முயற்சி, அதன் பிறகு மேற்பார்வையாளர் நேரில். பெரும்பாலும் நேரம் ஒத்துவரவில்லை, அல்லது போன தடவை பணியாளர் ஏதோ குறை சொல்லியிருக்கிறார். வீடு அழுக்காக இருக்கிறது என்ற ஒற்றை வார்த்தை போதும்.

அடிதடியை லேசாக எடுக்க முடியாது. ஆய்வாளர் டேவிட் ஓல்ட்ஸ் 1970களின் கடைசியில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து எல்மைராவில் தொடங்கிய நர்ஸ் வருகைத் திட்டம் குழந்தைகள்மீதான கொடுமையைக் குறைத்தது; ஆனால் வன்முறை மிக அதிகமாக இருந்த வீடுகளில் அந்தப் பலன் தெரியவில்லை. இதற்குப் பயிற்சி பெற்றவரிடம் கைமாற்றும் ஏற்பாடு கட்டாயம் வேண்டும். கேள்வியைத் தனிமையில் மட்டுமே கேளுங்கள். கணவர், மாமியார், பேச்சு புரியும் வயதுப் பிள்ளை யார் இருந்தாலும் வேண்டாம். துண்டறிக்கையை வீட்டில் விட்டுவரக் கூடாது, அடிப்பவர் கையில் சிக்கும். "நீங்கள் சொல்வது எங்களோடு இருக்கும், குழந்தைக்கோ உங்களுக்கோ உயிராபத்து என்றால் மட்டும் மேலே சொல்வேன்" என்று முதல் வருகையிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் துரோகமாகத் தெரியும்.

பிரசவத்துக்குப் பின் அம்மாவின் மனநிலை பார்க்க எடின்பரோ அளவுகோலில் 10 கேள்விகள் உண்டு. கடைசிக் கேள்வி தன்னைத் தானே காயப்படுத்தும் எண்ணம் பற்றியது. மொத்த மதிப்பெண் குறைவாக இருந்தாலும், அதற்கு "இல்லை" தவிர வேறு பதில் வந்தால் அன்றைக்கே மேற்பார்வையாளருக்குத் தெரிய வேண்டும், அம்மாவைத் தனியே விட்டு வரக் கூடாது.

குழந்தை விஷயத்தில் பணியாளர் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய ஆபத்து அறிகுறிகள்: பால் குடிக்க மறுப்பது, வலிப்பு, துவண்டு கிடப்பது, மூச்சிழுக்கும்போது நெஞ்சு உள்வாங்குவது. மூச்சை முழு 1 நிமிஷம் எண்ண வேண்டும், 30 விநாடி எண்ணி இரட்டிப்பாக்கினால் பிசகும். 2 மாதத்துக்குள் 60, 2 மாதம் முதல் 1 வயதுக்குள் 50, அதற்கு மேல் 5 வயது வரை 40. இந்த எண்ணிக்கையோ அதற்கு மேலோ வந்தால் ஆஸ்பத்திரிக்கு. அழும்போது எண்ணாதீர்கள்.

மேற்பார்வையாளர் மாதம் ஒரு தடவையாவது ஒவ்வொருவரோடும் வீட்டுக்குப் போய், ஓரமாக உட்கார்ந்து, குறுக்கே பேசாமல் பார்க்க வேண்டும். பொம்மை யார் கையில் எத்தனை நிமிஷம் இருந்தது என்று மட்டும் குறித்து வாருங்கள். ஐந்தாவது நாள் உட்காரும்போது பேச வேண்டியதெல்லாம் அந்தத் தாளில் இருக்கும்.