மோட்டார் வேகக் கட்டுப்பாடு: மாஸ்ஃபெட் எரிந்துகொண்டே இருக்கிறது, அவசரம்

காலேஜ்_புராஜெக்ட்: அர்டுயினோ ஊனோவில் (சிறு கன்ட்ரோலர் போர்டு) மாஸ்ஃபெட் (கரண்டைத் திறந்து மூடும் டிரான்சிஸ்டர்) வைத்து மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறேன். கொஞ்ச நேரம் ஓடுகிறது, அப்புறம் கை வைக்க முடியாத சூடு, கடைசியில் ஷார்ட் ஆகி மோட்டார் முழு வேகத்தில் ஓடுகிறது. நாளைக்குக் காட்ட வேண்டும், யாராவது சொல்லுங்கள்.

சால்டரிங்_அண்ணன்: எந்த மாஸ்ஃபெட் தம்பி? மோட்டார் எத்தனை வோல்ட்? மோட்டாருக்குக் குறுக்கே டையோடு போட்டீர்களா?

ரீவைண்டிங்_கடை: சப்ளை காரணமாக இருக்கலாம். மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் கரண்டை எஸ்எம்பிஎஸ் (ஏசியை டிசியாக்கும் பவர் சப்ளை) தாங்காமல் போகலாம். கார் பேட்டரியில் போட்டுப் பாருங்கள்.

சால்டரிங்_அண்ணன்: ஃபியூஸ் இல்லாமல் பேட்டரி வேண்டாம், வயரே எரியும்.

காலேஜ்_புராஜெக்ட்: 12 வோல்ட் 775 மோட்டார், ஐஆர்எஃப்இசட்44என். ஊனோவின் 9வது பின்னிலிருந்து கேட்டுக்கு (மாஸ்ஃபெட்டைத் திறக்கும் கால்) நேராக வயர். டேட்டாஷீட்டில் கேட் 2 முதல் 4 வோல்ட் என்றுதான் இருக்கிறது, பின்னில் 5 வருகிறதே? டையோடு 1என்4007.

ஓம்_விதி: டேட்டாஷீட்டில் ஒரு வரியை மட்டும் படித்தால் இப்படித்தான் ஆகும். அந்த 2–4 வோல்ட், வெறும் 250 மைக்ரோ ஆம்ப் ஓடத் தொடங்கும் இடம். முழுதாகத் திறந்து தடை 17.5 மில்லி ஓம் ஆக வேண்டுமென்றால் கேட்டுக்கு 10 வோல்ட் வேண்டும். முழுதாகப் படித்துவிட்டுக் கேள்வி கேளுங்கள்.

சால்டரிங்_அண்ணன்: சொன்னது சரி, இவ்வளவு கடுமை வேண்டாம். தம்பி, ஐஆர்எல்இசட்44என் வாங்குங்கள். கால் வரிசை அதேதான், 5 வோல்ட்டிலேயே 25 மில்லி ஓம். கிடைக்காவிட்டால் டிசி4427 டிரைவருக்கு 12 வோல்ட் கொடுத்து, அதன் வழியாக கேட்டை ஓட்டுங்கள். நேராகப் பின்னிலிருந்து என்றால் நடுவே 220 ஓம் ரெசிஸ்டர். கேட்டுக்கும் சோர்ஸுக்கும் (மாஸ்ஃபெட்டின் கிரவுண்டுக்குப் போகும் கால்) குறுக்கே 10கே (10,000 ஓம்) ரெசிஸ்டர் கட்டாயம், ஊனோ ரீசெட் ஆகும்போது பின் மிதக்கும் (வோல்ட் நிலையாக இராது), அப்போது மோட்டார் தானாகக் கிளம்பிவிடும்.

ரீவைண்டிங்_கடை: 220 எதற்கு, 1கே போடுங்கள், பின்னுக்குப் பாதுகாப்பு.

ஓம்_விதி: 1கே போட்டால் கேட் மெதுவாக நிரம்பும், அவ்வளவு நேரமும் மாஸ்ஃபெட் பாதி திறந்து கிடந்து சூடாகும்.

ரீவைண்டிங்_கடை: 9வது பின் விநாடிக்கு 490 முறைதானே (490 ஹெர்ட்ஸ்) ஆன்-ஆஃப் ஆகிறது. ஒரு சுற்று 2 மில்லி செகண்ட், கேட் நிரம்ப சில பத்து மைக்ரோ செகண்ட். அதில் என்ன கெட்டுவிடும்?

ஓம்_விதி: 20 கிலோ ஹெர்ட்ஸுக்குப் போனால் சுற்றே 50 மைக்ரோ செகண்ட்.

ரீவைண்டிங்_கடை: அந்தத் தம்பி 20 கிலோ ஹெர்ட்ஸ் கேட்கவே இல்லையே!

பவர்_சப்ளை: டையோடை விட்டுவிட்டீர்களே. 1என்4007 1 ஆம்ப்தான், அணையவும் நேரமெடுக்கும், அதனால் மாஸ்ஃபெட் ஆன் ஆகும் ஒவ்வொரு முறையும் ஒரு நொடிப்பொழுது சப்ளையே ஷார்ட். எஸ்ஆர்560 ஷாட்கி (சட்டென்று அணையும் டையோடு) போடுங்கள், மோட்டார் முனைகளிலேயே, கோடு போட்ட பக்கம் 12 வோல்ட்டுக்கு.

காலேஜ்_புராஜெக்ட்: ஐஆர்எல் போட்டேன், 220ம் 10கேயும் போட்டேன். இப்போது வெதுவெதுப்புதான். ஷாட்கி கடையில் இல்லை. நன்றி அண்ணா.

சால்டரிங்_அண்ணன்: பழைய எஸ்எம்பிஎஸ் ஒன்றைப் பிரியுங்கள், அவுட்புட் பக்கம் ஷாட்கி இருக்கும். அது இல்லாமல் நாளைக்கு ஓட்ட வேண்டாம்.