மறு: மறு: 'கூலிங் ஆஃப் பீரியட்' தமிழில் எப்படி? (வெள்ளிக்குள் வேண்டும்)

செ. எழுதியது:

வணக்கம் நண்பர்களே. கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒப்பந்தத்தில் என்னென்ன பார்க்க வேண்டும் என்று வாங்குவோருக்குச் சொல்லும் நான்கு பக்கக் கையேட்டை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'கூலிங் ஆஃப் பீரியட்' என்ற இடத்தில் மாட்டிக்கொண்டேன். கையெழுத்துப் போட்ட பிறகும் சில நாளுக்குள் காரணம் சொல்லாமல் ஒப்பந்தத்தை விட்டு வெளியேறலாம் அல்லவா, அந்த நாள்கள்தான்.

முதல் வரைவில் 'குளிர்விப்புக் காலம்' என்று போட்டு ஒருவரிடம் படிக்கக் கொடுத்தேன். எடுத்துக்காட்டாக இருந்தது ஃபிரிட்ஜ் வாங்கும் ஒப்பந்தம். அவர் கேட்டது: "அப்போ 14 நாள் ஃபிரிட்ஜை ஆன் பண்ணக் கூடாதா?"

உதவுங்கள்.

க. எழுதியது:

குளிர்விப்பு ஃபிரிட்ஜோடு போகட்டும். தமிழில் மனம் குளிர்ந்தால் மகிழ்ச்சி; வேகம் அடங்கினால் அது ஆறுவது. சூடு ஆறும், புண் ஆறும், 'ஆறுவது சினம்' என்று ஔவையே சொல்லிவிட்டாள். ஆகவே 'ஆறுகாலம்'. சுடுசொல், குடிநீர் போல வினைத்தொகை. ஆறிய, ஆறுகின்ற, ஆறும் மூன்றும் அடக்கம். வல்லினம் மிகாது, 'ஆறுக்காலம்' என்று அச்சிட்டுவிடாதீர்கள்.

நீர் ஓடும் ஆற்றுக்கும் இதுதான் வேர் என்பது என் நெடுநாள் எண்ணம். நிலத்தின் சூட்டை ஆற்றுவதால் ஆறு.

மு. எழுதியது:

ஐயா, ஆற்றுப்படையில் வரும் ஆறு வழி. நீர் தனக்கு வழி செய்துகொண்டு போவதால் ஆறு. சூட்டை ஏன் இழுக்கிறீர்கள்? அது கிடக்கட்டும். "ஆறுகாலம் 14 நாள்" என்று கையேட்டில் வந்தால் படிப்பவர் ஆறா பதினாலா என்று விரல் மடக்குவார்.

க. எழுதியது:

எண்ணாக இருந்தால் 'அறு' என்று குறுகும்: அறுசுவை, அறுபடை. 'அறுகாலம்' என்றால்தான் ஆறு காலம். இலக்கணம் தெரிந்தவருக்குக் குழப்பமே இல்லை.

மு. எழுதியது:

ஆறுமுகம்?

வ. எழுதியது:

க. ஐயா பதில் எழுதுவதற்குள் நான் நுழைகிறேன். ஒப்பந்தங்களைப் படித்துப் பிழைப்பவள் என்ற உரிமையில்.

முதலில் இது எது இல்லை என்று பார்ப்போம். 'ட்ரையல்' இல்லை. வாரன்டியும் இல்லை, பொருளில் ஒரு கீறல்கூட இல்லாவிட்டாலும் விலகலாம். அமெரிக்காவில், வாசலுக்கே வந்து பேசிப் பேசிக் கையெழுத்து வாங்குபவர்களிடம் மாட்டியவருக்கு 3 வேலைநாள் தரும் விதிக்குத்தான் 'கூலிங் ஆஃப்' என்றே பெயர். ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் கொண்டுவந்த நுகர்வோர் உரிமை ஆணை, இணையத்திலும் தொலைபேசியிலும் வாங்கியதற்கு 14 நாள் தருகிறது. அது சூட்டைப் பற்றிப் பேசுவதே இல்லை, விலகும் உரிமை என்கிறது. பொருள் என்றால் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ண வேண்டும், சேவை என்றால் ஒப்பந்தம் ஆன நாளிலிருந்து. இப்படி ஓர் உரிமை இருக்கிறது என்று விற்பவர் சொல்லாமல் விட்டால் கூடுதலாக 12 மாதம் வரை நீளும். வாங்குபவருக்கென்றே அளவெடுத்துச் செய்த பொருளுக்குக் கிடையாது.

வாங்கியவருக்கு மனம் ஆறினாலும் ஆறாவிட்டாலும் 14 நாள் 14 நாள்தான். அதற்குள் அவர் என்ன செய்யலாம் என்பதைப் பெயரே சொல்ல வேண்டும். என் பரிந்துரை: 'விலகல் காலம்'.

ந. எழுதியது:

முப்பது வருஷமாக இயற்பியல் நடத்துகிறேன். விலகல் என்றாலே எனக்கு ஒளிதான் விலகும்.

இருந்தாலும் வ. அம்மா சொல்வது சரி. ஒருமுறை உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தபோது, ஒப்பந்தத்தின் 11ஆம் பிரிவில் 'கூலிங் ஆஃப்' என்று பார்த்தேன். பயிற்சி முடிந்து மூச்சு வாங்க உட்காரும் நேரம் போலிருக்கிறது என்று அடுத்த பக்கம் போய்விட்டேன். எங்கே கிடக்கிறது என்று பிறகு தேடியபோது நாள் கடந்திருந்தது. ஒரு வருஷப் பணம் போனதுதான் மிச்சம்.

'விலகல் கெடு' என்று போட்டால் என்ன? செய்தித்தாள் படிக்கிற எல்லோருக்கும் கெடு தெரியும்.

வ. எழுதியது:

கெடு விதிப்பார்கள். இது வாங்குபவருக்குக் கிடைத்த சலுகை, அதை ஏன் மிரட்டலாகச் சொல்ல வேண்டும்? தவிர "கெடு, கெடுதல்" என்று யாராவது தொடங்கிவிடுவார்கள்.

த. எழுதியது:

தாமதமாக வருகிறேன். 'காலம்' தமிழ்ச்சொல்தானா என்பதை யாருமே கேட்கவில்லையே? 'பொழுது' இருக்க ஏன் காலம்? 'விலகுபொழுது' என்றால் கேட்கவும் இனிமை.

மு. எழுதியது:

'கால்' என்ற வேரிலிருந்து வந்தது என்று ஒரு கட்சி, வடமொழி என்று ஒரு கட்சி. இதே குழுவில் நாற்பது மடல் ஓடி முடியாத வழக்கு. வெள்ளிக்குள் முடியாது. 'விலகுபொழுது' என்றால் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கடையை விட்டுக் கிளம்புவது மாதிரி இருக்கிறது. என் வாக்கு வ. அம்மாவுக்கு.

செ. எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. 'விலகல் காலம்' என்றே போட்டுவிட்டேன். முதல்முறை வரும் இடத்தில் மட்டும் "ஒப்பந்தங்களில் 'கூலிங் ஆஃப்' என்று இருக்கும்" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன், ந. ஐயாவைப் போல இன்னொருவர் தாண்டிப் போகக் கூடாது. அதே நண்பரிடம் மறுபடி கொடுத்தேன். இந்த முறை ஃபிரிட்ஜைப் பற்றிக் கேட்கவில்லை, "விலகுறதை எழுத்துல சொல்லணுமா, போன்ல சொன்னா போதுமா?" என்று கேட்டார்.

அப்புறம், மூன்றாம் பக்கத்தில் 'லாக் இன் பீரியட்' இருக்கிறது. குறிப்பிட்ட மாதங்கள் முடியும்வரை விலகினால் அபராதம் உண்டே, அது.

க. எழுதியது:

ஆறுமுகம் வழக்குச்சொல், அதை வைத்து விதியை உடைக்க முடியாது. என் சொற்கோப்பில் ஆறுகாலம் அப்படியே இருக்கும்.

'லாக் இன்'னுக்கு: பூட்டுகாலம். இதுவும் வினைத்தொகை. மு. தம்பி வரலாம்.