ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தியவர்கள் வீட்டில் என்ன நடந்தது? கண்ணால் கண்டதை மட்டும் சொல்லுங்கள்

வைகறை:

எல்லார் வீட்டிலும் இப்போது யாராவது ஒருவர் பதினாறு மணி நேர விரதத்தில் இருக்கிறார், அதனால் விளக்கப் போவதில்லை. என் அப்பாவுக்கு 78 வயது, எடை 52 கிலோ. போன ஆடி மாதம் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினார். "பட்டினி கிடந்தா உடம்பு தன் குப்பையைத் தானே தின்னு சுத்தம் பண்ணிக்குமாம். ஜப்பான்காரர் ஒருத்தர் இதுக்கு நோபல் பரிசே வாங்கியிருக்கார்" என்றார். வாட்ஸ்அப்பில் வந்த காணொளி. ஓசுமி 2016-இல் பரிசு வாங்கியது உண்மைதான், ஆனால் அவர் ஆராய்ந்தது ஈஸ்ட் என்று சொல்லிப் பார்த்தேன். "ஈஸ்டுக்கு ஆகறது எனக்கு ஆகாதா?" தாலுகா ஆபீசில் முப்பத்தைந்து வருஷம் ஃபைல் பார்த்தவரிடம் வாதாடி ஜெயிக்க முடியாது.

சாப்பாட்டை நிறுத்தியவர் சாப்பாட்டுக்கு முன்னால் போடும் மாத்திரையை நிறுத்தவில்லை. சர்க்கரை வியாதிக்கான கிளிமெபிரைடு, காலையும் ராத்திரியும். எனக்கும் அது தோன்றவில்லை. நான் படித்தவள், டப்பாவில் மாத்திரை பிரித்து வைப்பதே நான்தான்.

பத்தாவது நாள் இருக்கும். விடியற்காலை மூன்று மணிக்கு பீரோக் கதவு திறக்கும் சத்தம். போய்ப் பார்த்தால் அப்பா இருட்டில் நின்றுகொண்டு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையின் கைக்குள் காலை நுழைத்துக்கொண்டிருக்கிறார். பனியன் பிழிந்தால் சொட்டும், அவ்வளவு வியர்வை. "பஸ் போயிடும் பாப்பா, பட்டனைப் போடு" என்கிறார். கண் என்னைப் பார்க்கிறது, ஆனால் அவர் அங்கே இல்லை. விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தேன், 39. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தேன், நல்லவேளை விழுங்கினார். கால் மணி நேரம் கழித்து, "எதுக்கு இந்தச் சட்டையைக் கசக்கி வெச்சிருக்கே?" என்று என்னைக் கேட்டார்.

இதுமாதிரி வேறு யாருக்காவது நடந்திருக்கிறதா?

ஊசிக்காரி:

இது மாதிரி இல்லை, ஆனால் எனக்கும் ஒன்று மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. நான் லேபில் ரத்தம் எடுப்பவள். வேலையில் சேர்வதற்கான மெடிக்கலுக்கு ஒரு பையன் வந்தான், 31 வயது, ஓணான் மாதிரி உடம்பு. வெறும் வயிற்றில் சர்க்கரை 212. சர்க்கரையின் மூன்று மாத சராசரி (ஹெச்பிஏ1சி) 9.4. "அக்கா, ட்யூபை மாத்திட்டீங்க" என்றான். சரி என்று மறுபடி எடுத்தோம், அதேதான். அவன் எழுந்து நின்று சட்டையைத் தூக்கி பெல்ட்டைக் காட்டினான். "கடைசி ஓட்டைக்கா. இதுக்கு மேல இறுக்க ஓட்டையே இல்ல. எனக்கு எப்படி சுகர் வரும்?" அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை, டாக்டரைப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

பதில் இருக்கிறது. புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த அவருடைய நண்பர் யட்கினும் 2004-இல் லான்செட் இதழில் தங்கள் படத்தையே பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள். இரண்டு பேருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு, 22.3. உடம்பில் கொழுப்பு எவ்வளவு என்று அளந்தால் வெள்ளைக்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2. பார்த்தால் இரண்டு பேருமே ஒல்லி. நம் ஊர் ஒல்லி வேறு ஒல்லி. தசை இருக்கவேண்டிய இடத்தில் கொழுப்பு, அதுவும் வயிற்றுக்குள்ளே. தராசுக்கு அது தெரியாது, டேப்பை எடுத்து இடுப்பைச் சுற்றிப் பாருங்கள்.

பட்டர்டீ_பாண்டி:

வைகறை சகோ, அப்பாவுக்கு நடந்தது வருத்தம்தான். ஆனால் பழியை விரதத்தின் மேல் போடாதீர்கள், அது மாத்திரை செய்த வேலை. நான் 96 கிலோவிலிருந்து 71-க்கு வந்தவன். மூன்று மாத சராசரி 7.8 இருந்தது, இப்போது 5.6. டாக்டரே மாத்திரையைக் குறைத்து அப்புறம் நிறுத்தினார்.

எனக்கு மறக்கமுடியாதது ஒரு கல்யாணப் பந்தி. இலையில் சோற்றை ஒதுக்கிவிட்டுப் பொரியலும் கூட்டும் மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பெரியம்மா எதிர்வரிசையிலிருந்து எழுந்து வந்து, பந்தி நடுவில், என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து அழ ஆரம்பித்துவிட்டார். "என்ன வியாதிடா? எங்ககிட்ட ஏன்டா மறைக்கிறே?" வியாதி போய்விட்டது என்று சொன்னால் நம்பவே இல்லை. கடைசியில் ஒரு லட்டு தின்று காட்டிய பிறகுதான் உட்கார்ந்தார்.

நாற்பது தாண்டினால் மெட்டபாலிசம் (உடம்பு சக்தியைச் செலவழிக்கும் வேகம்) படுத்துவிடும், சாப்பாட்டைக் குறைத்தே ஆகவேண்டும். குரங்குக்கே உணவைக் குறைத்து ஆயுளைக் கூட்டிக் காட்டிவிட்டார்கள். இன்னும் என்ன சந்தேகம்?

எட்டயபுரத்தான்:

எங்கள் ஆச்சி 102 வயது வாழ்ந்தவர். அப்படித்தான் நானும் 2023 வரை சொல்லிக்கொண்டிருந்தேன். காலையில் கம்மங்கஞ்சி, மத்தியானம் சோறு, கருவாடு கிடைத்தால் கருவாடு. ராத்திரி ஒன்றும் கிடையாது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் ரகசியம் கேட்பார்கள், ஒருத்தர் கம்மங்கஞ்சியை வீடியோ எடுத்துப் போட்டு ஆயிரக்கணக்கில் லைக் வாங்கினார்.

2023-இல் ஆச்சி போனபின் டிரங்குப் பெட்டியைப் பிரித்தோம். அடியில் ஒரு பழுப்பு நோட்டில் ஆச்சியின் அப்பா கையெழுத்தில் ஆச்சி பிறந்த குறிப்பு: தாது வருஷம், தை மாதம். நான் வாசலில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணுகிறேன். தாது என்றால் 1936 சித்திரையிலிருந்து 37 பங்குனி வரை. தை என்றால் 1937. அப்படியானால் 86. அதற்கு முந்தைய தாது பஞ்சத்து தாது, 1876, அது ஆகாது. தாத்தா போன பிறகு உதவித்தொகை வாங்குவதற்காக யாரோ பெரியவர் வயதைக் கூட்டி எழுதிவிட்டிருக்கிறார், அதுவே ஒவ்வொரு கார்டிலும் ஏறிவிட்டது. தலைக்கு மேலே "102 வயது வாழ்ந்து மறைந்த" என்று ஃபிளக்ஸ் ஆடுகிறது. சித்தப்பாவிடம் நோட்டைக் காட்டினேன். "விடுல, பேனர் அடிச்சாச்சு" என்றார்.

இது எங்கள் ஊர்க் கூத்து மட்டும் இல்லை. 2010-இல் ஜப்பானில் தேடிப் பார்த்தபோது நூறு தாண்டியதாகப் பதிவேட்டில் இருந்தவர்களில் 2,30,000 பேருக்கு மேல் எங்கே என்றே தெரியவில்லை. நூறு வயதுக்காரர்கள் நிறைய இருக்கும் ஊர் என்றால் பிறப்புப் பதிவு ஒழுங்கில்லாத ஊராகவோ பென்ஷன் தில்லுமுல்லு நடக்கிற ஊராகவோ இருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டிய ஆய்வாளர் சால் நியூமனுக்கு 2024-இல் இக்நோபல் (சிரிக்கவும் யோசிக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான பரிசு) கொடுத்தார்கள். நீண்ட ஆயுளுக்குப் பேர்போன ஜப்பானின் ஒகினாவா தீவு, அங்கே தின்னும் சர்க்கரைவள்ளிக்கிழங்கு என்று யாராவது ஆரம்பிப்பதற்கு முன் சொல்லி வைக்கிறேன்.

இன்னொன்று. ஆச்சி ராத்திரி சாப்பிடாததற்குக் காரணம் விரதம் இல்லை. எங்கள் அப்பா சின்னப் பையனாக இருந்தபோது ராத்திரிக்கு ஆறு பிள்ளைக்குத்தான் இருக்கும், ஏழாவது ஆளுக்கு இருக்காது. பின்னால் வசதி வந்தபோது ஆச்சிக்கு அந்த நேரத்தில் பசிப்பது நின்றுபோயிருந்தது.

தோசைக்கல்:

என் அனுபவம் ஒரே வரி: மூன்று மாதம் ஆறு மணிக்கு மேல் சாப்பிடவில்லை, நாலு கிலோ குறைந்தது, வீட்டில் சண்டை நாற்பது கிலோ கூடியது.

இப்போது பாண்டிக்கு. குரங்குக் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். ஆய்வு ஒன்று இல்லை, இரண்டு. விஸ்கான்சின் பல்கலைக்கழகம் 1989-இல் ஆரம்பித்தது. அமெரிக்காவின் தேசிய முதுமை ஆய்வு நிறுவனம் அதற்கு இரண்டு வருஷம் முன்பே, 1987-இல். இரண்டிலும் ரீசஸ் குரங்கு, இரண்டிலும் சாப்பாட்டில் சுமார் 30 சதவீதம் வெட்டு. 2009-இல் விஸ்கான்சின்காரர்கள் ஆயுள் கூடியது என்றார்கள். 2012-இல் மற்றவர்கள் ஆயுள் கூடவில்லை என்றார்கள். ஏன்? தட்டைப் பாருங்கள். விஸ்கான்சின் குரங்குக்குப் போட்ட தீனியில் 28.5 சதவீதம் வெறும் சீனி. மற்ற இடத்தில் 3.9 சதவீதம். விஸ்கான்சினில் ஒப்பிட வைத்திருந்த குரங்குகளை வேண்டிய அளவு தின்ன விட்டார்கள். மற்ற இடத்தில் அவற்றுக்கும் அளந்துதான் போட்டார்கள். குண்டுக் குரங்கோடு ஒப்பிட்டால் பட்டினிக் குரங்கு ஜெயிக்கிறது, அளவாகத் தின்ற குரங்கோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் இல்லை. அப்புறம் 2017-இல் இரண்டு குழுவும் சேர்ந்து உட்கார்ந்து, குறைத்துச் சாப்பிட்டதால் வயோதிக நோய்கள் குறைந்தன என்று பொதுவாக ஒப்புக்கொண்டார்கள். ஆனால் எந்த வயதில் ஆரம்பித்தது, என்ன தின்றது என்பதைப் பொறுத்துப் பலன் மாறியது.

நீங்கள் 96 கிலோ. சீனிக் குரங்கு. (கோபப்படாதீர்கள், நானும்தான்.) வைகறையின் அப்பா 52 கிலோ. அவர் எதிலிருந்து குறைப்பது?

நாற்பதில் மெட்டபாலிசம் படுத்துவிடும் என்பதும் சரியில்லை. 2021-இல் பாண்ட்ஸர் என்ற ஆய்வாளரின் குழு 6,400-க்கும் அதிகமான பேரை அளந்து பார்த்தது, பிறந்து சில நாளான குழந்தை முதல் தொண்ணூறு தாண்டியவர் வரை. உடம்பின் அளவைக் கழித்துவிட்டுப் பார்த்தால் 20-லிருந்து 60 வரை கோடு கிட்டத்தட்ட நேராகப் போகிறது. 60-க்கு மேல்தான் வருஷத்துக்கு 0.7 சதவீதம் போல இறங்குகிறது. நாற்பதில் படுத்தது மெட்டபாலிசம் இல்லை, நாம்தான், சோபாவில்.

பட்டர்டீ_பாண்டி:

சரி, சீனிக் குரங்கு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ரிப்போர்ட்டும் 5.6 என்பதை ஒப்புக்கொள்ளுங்கள்.

வடலி:

வைகறை அக்கா எழுதினதை வாசிச்ச பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் யாழ்ப்பாணம். அம்மாவுக்கு 81. கொலஸ்ட்ரோல் கூட என்று சொன்ன நாளில் இருந்து முட்டையை நிற்பாட்டினோம், மீனையும் நிற்பாட்டினோம். வயது போன ஆளுக்கு லேசாகக் கொடுங்கோ என்று எல்லாரும் சொல்ல, காலையில் கஞ்சி, இரவில் பாணும் தேத்தண்ணியும். ஒரு வருசத்தில் 11 கிலோ இறங்கிவிட்டது. றிப்போட் எல்லாம் நல்லாயிருக்கு என்று அண்ணாவுக்கு கனடாவுக்குப் படம் எடுத்து அனுப்பினோம்.

மச்சாளின்ர மகளின் கலியாணம். கெட்டிமேளம் கேட்க மண்டபமே எழும்பி அறுகரிசி போடுது. அம்மா எழும்பவில்லை. குனிந்து பார்த்தால், ரெண்டு கையாலும் கதிரைப் பிடியை அமத்தி அமத்தி எழும்பப் பார்க்கிறா, கை நடுங்குது, கால் கேட்கவில்லை. அறுகரிசி உள்ளங்கையில் வேர்த்து ஒட்டிப்போய் இருந்தது. என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தா. சுகமில்லாமல் விழுந்து கிடந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

கொழுப்பு மட்டும் இறங்கும் என்று நினைத்தோம், தசையும் சேர்ந்து இறங்கிவிட்டது. வயது போனவர்களுக்குத் தசை லேசில் திரும்பாது. 65 தாண்டினால் உடம்பின் ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேணும் என்று பிறகுதான் அறிந்தேன் (சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் கணக்கு வேறு). ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கு, கஞ்சியில் என்ன இருக்கும்? இப்ப முட்டை, சூடை மீன், பயறு. அதோடு தினமும் கை ஊன்றாமல் கதிரையால் எழும்பி இருக்கிறது. தொடங்கேக்க ஒருக்காலும் ஏலாது, இப்ப ஆறு தரம்.

மருந்துக்கடை:

மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். வைகறை மேடம், கேட்காமலே சொல்கிறேன், மன்னிக்கவும். ஏகாதசி மறுநாள் காலை என் கடை வாசலில் ஒரு மாமி மயங்கி விழுந்தார், அதே வகை மாத்திரை, அதனால்.

கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்ளசைடு எல்லாம் கணையத்தைப் பிடித்து இன்சுலினைப் பிழிய வைப்பவை. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அவை பார்ப்பதில்லை. வயதானவர்களுக்கும் சிறுநீரகம் சற்று மந்தமானவர்களுக்கும் மருந்து உடம்பிலேயே தங்கும். அதனால் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து ஏறிவிட்டது என்று தூங்கப் போகக்கூடாது, மறுபடி இறங்கும். ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்ப்பதுதான் முறை. 70-க்குக் கீழே வந்தாலே தாழ்வு. நினைவு இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்துக் கொடுத்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி குத்திப் பார்க்கவேண்டும், அப்புறம் சோறோ பிஸ்கட்டோ. நினைவு இல்லாவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும், 108-ஐக் கூப்பிடுங்கள். மெட்ஃபார்மின் என்ற இன்னொரு சர்க்கரை மாத்திரை தனியாக இருந்தால் இவ்வளவு பயம் இல்லை. ஆனால் அதை வருஷக்கணக்கில் போடுகிறவர்கள் பி12 வைட்டமின் அளவைப் பார்க்கவேண்டும், குறைந்தால் காலில் எரிச்சல், மறதி எல்லாம் வரும், வயசாகிவிட்டது என்று விட்டுவிடுவார்கள். ரமலான் நோன்பு பிடிக்கும் வாடிக்கையாளர்கள் ஒரு மாதம் முன்பே டாக்டரிடம் போய் மாத்திரை நேரத்தை மாற்றி எழுதி வாங்கி வருகிறார்கள். யூடியூப் பார்த்து விரதம் ஆரம்பிக்கிறவர்களில் ஒருத்தர்கூட கேட்டதில்லை. கேழ்வரகுக் கூழ் சர்க்கரையை ஏற்றாது என்பதும் தப்பு, நைஸாக அரைத்த மாவு சீக்கிரம் ஜீரணமாகும்...

ஊசிக்காரி:

அண்ணே, அவங்க கேட்டது உங்களுக்கு நடந்திருக்கான்னு. மாமி என்ன ஆனாங்க? அதைச் சொல்லுங்க முதல்ல.

மருந்துக்கடை:

நல்லா இருக்காங்க. போன வாரம்தான் பி12 வாங்கிட்டுப் போனாங்க.

வைகறை:

மறுபடி இறங்கும் என்பது எனக்குத் தெரியாது. அன்றைக்கு நான் தூங்கிவிட்டேன், அதைப் படித்ததும் கை சில்லிட்டுப் போனது.

டாக்டர் ராத்திரி மாத்திரையை எடுத்துவிட்டார். இந்த வயதில் மூன்று மாத சராசரி கொஞ்சம் கூட இருந்தாலும் பரவாயில்லை, 39 மட்டும் மறுபடி வரக்கூடாது என்றார். ஏழரை மணிக்கு இரண்டு இட்லி, ஒரு முட்டை. அப்பா முட்டையைப் பார்த்து, "நோபல் பரிசு வாங்கினவன் இதைச் சாப்பிடறானா?" என்று கேட்டுவிட்டுத்தான் சாப்பிடுகிறார்.

வடலி சொன்னதைப் படித்துவிட்டு நேற்று அவரை நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொன்னேன். எழுந்துவிட்டார். எதற்கு என்று கேட்டார், சொல்லவில்லை. பீரோச் சாவி இப்போது என் தலையணைக்கு அடியில்.